சந்தைவெளியில் நிற்பவர்கள்

1968 டிசம்பர் 2ஆம் தேதி, சிசிலித் தீவின் தென்கிழக்கு மூலையில் ஆவோலா என்ற ஊருக்கு வெளியே, நெடுஞ்சாலையை மறித்துக்கொண்டிருந்த விவசாயக் கூலிகள்மீது போலீஸ் சுட்டது. இரண்டு பேர் செத்தார்கள். பலருக்குக் குண்டுக்காயம். ஆட்சியைக் கவிழ்க்கவோ நிலத்தைப் பறிக்கவோ அவர்கள் சாலைக்கு வரவில்லை. அவர்கள் வேலை பார்த்த சிரகூசா மாகாணம் கூலிக் கணக்கில் இரண்டு வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. லெந்தீனிப் பக்கத்துத் தோட்டங்களில் ஒரு கூலி, ஆவோலாப் பக்கத்தில் அதைவிடக் குறைந்த கூலி. வெயில் ஒன்று, விளைச்சல் ஒன்று, குனிந்து நிமிரும் முதுகும் ஒன்றுபோல்தான். கூலியை உயர்த்த வேண்டும், மாகாணத்தை இரண்டாகக் கிழிக்கும் அந்தக் கோட்டை அழிக்க வேண்டும் என்று கேட்டுத்தான் வேலைநிறுத்தம் செய்தார்கள். உயிர் போன பிறகு சில நாள்களுக்குள் நிலவுடைமையாளர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அந்தக் கோரிக்கை நியாயமானதா என்று யாராவது கேட்டால் நம் நாவில் ‘ஆமாம்’ என்ற சொல் யோசிக்காமல் வருகிறது. ஏன் நியாயம் என்று அடுத்த கேள்வி வரும்போதுதான் தடுமாறுகிறோம். இந்தக் கட்டுரை அந்தத் தடுமாற்றத்தைப் பற்றியது.

‘சம வேலைக்குச் சம ஊதியம்’ என்று சொல்லிவிட்டால் வழக்கு தீர்ந்துவிட்டதுபோல இருக்கும். தீரவில்லை. நீதி என்பது ஒருவகைச் சமத்துவம் என்பதில் எல்லோருக்கும் உடன்பாடுதான், எதில் சமம் என்பதில்தான் தகராறு என்று அரிஸ்டாட்டில் கண்டது கூலி விஷயத்தில் அப்படியே பொருந்துகிறது. 1948இல் நடைமுறைக்கு வந்த இத்தாலிய அரசியல் சாசனத்தின் 36ஆம் பிரிவு இரண்டு அளவுகோல்களை அடுத்தடுத்து வைக்கிறது. கூலி, செய்த வேலையின் அளவுக்கும் தரத்துக்கும் ஏற்றதாக இருக்க வேண்டும். எப்படியானாலும் அந்தத் தொழிலாளியும் குடும்பமும் சுதந்திரமாகவும் மானத்தோடும் வாழப் போதுமானதாக இருக்க வேண்டும். நம்முடைய சாசனத்தில் இவை இரண்டு இடங்களில் நிற்கின்றன. 39ஆம் பிரிவு ஆணுக்கும் பெண்ணுக்கும் சம வேலைக்குச் சம ஊதியம் பேசுகிறது, 43ஆம் பிரிவு வாழ்வதற்குப் போதுமான ஊதியம் பேசுகிறது. முதல் அளவுகோல் கை செய்த வேலையைப் பார்க்கிறது. இரண்டாவது, அந்தக் கைக்கு உரியவர் எப்படி வாழ்கிறார் என்று பார்க்கிறது. ஒரே ஊருக்குள் இவை இரண்டும் பெரிதாக முட்டிக்கொள்வதில்லை. ஊர் மாறியதும் முட்டிக்கொள்கின்றன. மிலானில் ஒரு வீட்டுக்குக் கொடுக்கும் வாடகையும் பலேர்மோவில் கொடுக்கும் வாடகையும் ஒன்றல்ல. கையில் விழும் தொகை சமமாக இருந்தால் வாழ்க்கை சமமாக இருக்காது, வாழ்க்கையைச் சமமாக்கினால் தொகை சமமாக இருக்காது. இதற்கிடையே மூன்றாவது அளவுகோலை முதலாளி எடுத்துவருகிறார்: அந்த ஊரில் அந்த வேலையால் எனக்கு என்ன கிடைக்கிறது?

இந்த மூன்று அளவுகோல்களும் ஒன்றோடொன்று மோதியதை மிக நன்றாகப் பார்க்கக்கூடிய இடம் போருக்குப் பிந்தைய இத்தாலி. 1945 டிசம்பரில் வடக்கு இத்தாலிக்காகவும் அடுத்த ஆண்டு நடு, தெற்குப் பகுதிகளுக்காகவும் தொழிற்சங்கமும் தொழிலதிபர் கூட்டமைப்பும் ஒப்பந்தம் போட்டன. வாழ்க்கைச் செலவு வேறுபடுகிறது என்ற காரணத்தைச் சொல்லி நாடு வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டது, ஒவ்வொன்றுக்கும் ஓர் அடிப்படைச் சம்பளம் வைக்கப்பட்டது. 1954இல் வட்டாரங்கள் 14 ஆயின. உச்சத்துக்கும் அடிமட்டத்துக்கும் இடையே 29 விழுக்காடுவரை இடைவெளி. 1961இல் 7 வட்டாரங்கள், 20 விழுக்காடு இடைவெளி. மக்கள் இவற்றைச் சம்பளக் கூண்டுகள் என்று அழைத்தார்கள். பிறந்த ஊரே கூண்டாகிவிட்டது என்ற ஆத்திரம் அந்தப் பெயரில் இருக்கிறது. அறுபதுகளின் இறுதியில் நாடு முழுக்க வேலைநிறுத்தங்கள் நடந்தன. 1969 மார்ச் 18 அன்று தொழிலதிபர்கள் இணங்கினார்கள். 1972க்குள் படிப்படியாகக் கூண்டுகள் கலைக்கப்பட்டன. அன்று முதல் இன்றுவரை இத்தாலியில் பெரும்பாலான தொழில்களுக்குச் சம்பளம் தேசிய ஒப்பந்தத்தின்படிதான். வடக்கே தூரினில் உலோகத் தொழிலாளிக்கு எழுதப்பட்ட குறைந்தபட்ச சம்பளம்தான் தெற்கே ரெஜ்ஜோ கலாப்ரியாவிலும்.

கூட்டுப் பேரம் தன்னியல்பாகவே சமத்துவத்தைக் கொண்டுவரும் என்று இதைவைத்து முடிவுகட்டிவிடக் கூடாது. கூண்டுகளைப் பூட்டியதும் கூட்டுப் பேரம்தான், திறந்ததும் அதுதான். பேச்சுவார்த்தை மேசை எவ்வளவு தூரம் நீள்கிறதோ அவ்வளவு தூரத்துக்குத்தான் சமத்துவம் நடக்கும், மேசை முடியும் இடத்தில் வேறுபாடு தொடங்கும். இதைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களைவிட நன்றாக அறிந்தவர்கள் இல்லை. 2015இல் மூணாறில் பெரும்பாலும் தமிழர்களான தோட்டப் பெண்கள் போனஸ் குறைப்பை எதிர்த்தும் 232 ரூபாய் நாள்கூலியை உயர்த்தக் கேட்டும் தங்கள் சங்கத் தலைவர்களையே விலக்கிவைத்துவிட்டுத் தெருவில் அமர்ந்தார்கள். அதன் பிறகு கேரளத்தின் முத்தரப்புக் குழு கூலியை 301 ரூபாயாக்கியது. அதே ஆண்டு அசாமின் பிரம்மபுத்திரா சமவெளியில் தோட்ட உரிமையாளர்களும் சங்கமும் கையெழுத்திட்ட கூலி 115 ரூபாய். அரிசி, விறகு, வீடு என்று அங்கே பொருளாகக் கிடைப்பதைச் சேர்த்தாலும் இந்தத் தூரம் அடைபடாது. அசாமுக்குள்ளேயே இன்னொரு கோடு ஓடுகிறது. 2023இல் பிரம்மபுத்திரா சமவெளியில் 250 ரூபாய், பராக் சமவெளியில் 228 ரூபாய். இலையைப் பறிக்கும் விரல்களுக்கு இந்த எல்லைகள் தெரியாது. மேசைகளுக்குத் தெரியும். மாநிலத்துக்கொரு மேசை, சமவெளிக்கொரு மேசை என்றிருக்கும்வரை, எந்தத் தோட்டத்து முதலாளியும் ‘பக்கத்து மாநிலத்தில் இதைவிடக் குறைவாகக் கொடுக்கிறார்கள், நான் மட்டும் எப்படிக் கொடுப்பேன்?’ என்று கேட்க முடியும். கூலி என்ற கிணற்றுக்குள் வாளியை எவ்வளவு ஆழத்துக்கு வேண்டுமானாலும் இறக்கலாம் என்ற நிலையைத் தடுப்பதற்குத்தான் மேசையை நீட்ட வேண்டியிருக்கிறது. இத்தாலியச் சங்கங்கள் அதை நாடு முழுக்க நீட்டின. அந்த முடிவு சரி என்றே நான் கருதுகிறேன். ஆனால் அதற்கு எதிராக வைக்கப்படும் சான்று சாதாரணமானதல்ல, அதைத் தவிர்த்துவிட்டு நீதியைப் பற்றிப் பேசுவது நேர்மையாக இருக்காது.

போயெரி, இக்கீனோ, மொரெத்தி, போஷ் ஆகிய நான்கு பொருளாதார அறிஞர்கள் 2021இல் வெளியிட்ட ஆய்வு இத்தாலியையும் ஜெர்மனியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. இத்தாலியில் வடக்கின் நிறுவனங்கள் தெற்கைவிட உற்பத்தித்திறன் மிக்கவை. ஜெர்மனியில் மேற்கு கிழக்கைவிட. இரு நாட்டிலும் பள்ளம் ஏறத்தாழ ஒரே மாதிரி. ஆனால் ஜெர்மனி உள்ளூர்ப் பேரத்துக்கு இடம்விட்டது, இத்தாலி விடவில்லை. விளைவாக, இத்தாலியில் ஓர் ஊரின் உற்பத்தித்திறனுக்கும் அங்குள்ள சம்பளத்துக்கும் ஏறத்தாழத் தொடர்பே இல்லாமல் போயிற்று, தெற்கில் வேலையில்லாதவர்கள் பெருகினார்கள். இருக்கும் சில நல்ல வேலைகளுக்காக வரிசையில் நின்று காத்திருப்பதே அங்கே ஒரு வாழ்க்கைமுறை ஆயிற்று என்பது அவர்கள் முடிவு. ஜெர்மன் முறைக்கு இத்தாலி மாறியிருந்தால் நாட்டின் வேலைவாய்ப்பு சுமார் 11 விழுக்காடு கூடியிருக்கும் என்றும் மதிப்பிட்டார்கள். மதிப்பீட்டின் எண்ணை யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம். அடியில் இருக்கும் உண்மையைக் கேட்க முடியாது. இத்தாலியின் தெற்கில் வேலையின்மை வடக்கைவிடப் பல மடங்காகத் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. அங்கே வேலை வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்குத்தான் சம்பள வேலை. சம சம்பளம் என்ற நீதி, வேலை கிடைத்தவர்களுக்கு இடையேயான நீதி. கதவுக்கு வெளியே நிற்பவர்களை அது எண்ணிக்கையில் சேர்க்கவே இல்லை. ஆவோலாவில் கேட்கப்பட்டதை நியாயம் என்று சொல்பவர்கள் இந்தப் பெண்களுக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

ஆய்வின் கண்டறிதலை ஏற்பது ஒன்று, அதிலிருந்து பலர் தாவும் முடிவை ஏற்பது வேறு. ‘தெற்கத்தித் தொழிலாளியின் உற்பத்தித்திறன் குறைவு, ஆகவே அவர் சம்பளமும் குறைய வேண்டும்’ என்கிறார்கள். இந்த வாக்கியத்தில் ஒரு திருட்டு நடக்கிறது. உற்பத்தித்திறன் யாருடையது? கலாப்ரியாவிலிருந்து ஒருவர் இரவு ரயில் ஏறித் தூரினில் காலையில் இறங்கி வாகனத் தொழிற்சாலைக்குள் போனார். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் இப்படிப் போனவர்கள் லட்சக்கணக்கில். ரயிலில் அவர் புதிதாக எதையும் கற்றுக்கொள்ளவில்லை, புதிய கைகள் முளைக்கவில்லை. ஆனாலும் மறுநாள் அவர் உற்பத்தித்திறன் மிக்கவர். மாறியது இடம் மட்டும்தான். மின்சாரம் தடையில்லாமல் வருவது, துறைமுகம் பக்கத்தில் இருப்பது, உதிரிப்பாகம் செய்யும் சிறு பட்டறைகள் சுற்றிலும் இருப்பது, பாக்கி வசூலிக்க நீதிமன்றம் போனால் வழக்கு காலத்தில் முடிவது, மிரட்டிப் பணம் பறிக்கும் கும்பல் வாசலில் நிற்காமலிருப்பது எல்லாம் சேர்ந்ததுதான் உற்பத்தித்திறன். அது தொழிலாளியின் உடம்பில் இல்லை, ஊரின் உடம்பில் இருக்கிறது. ஊரை அப்படி ஆக்கியதும் ஆக்காமல் விட்டதும் நூறாண்டு அரசியல். அந்த அரசியலின் கடனை, அதில் கையெழுத்தே போடாத கூலிக்காரரின் தினக்கூலியிலிருந்து கழிப்பது எந்தக் கணக்கில் நீதி? பிறப்பு எனக்குக் கீழிறக்கத்தைத் தரக் கூடாது என்று சாதியைப் பற்றிச் சொல்லும் அதே அறம், பிறந்த மண் எனக்குக் கீழிறக்கத்தைத் தரக் கூடாது என்றும் சொல்ல வேண்டும்.

கூண்டுக் காலத்தையே சான்றாக எடுத்துக்கொள்வோம். 1946 முதல் 1969 வரை தெற்கில் சம்பளம் ஒப்பந்தப்படியே குறைவு. மலிவான உழைப்பைத் தேடித் தொழில்கள் ஓடிவந்திருக்க வேண்டும். ஓடிவந்ததைவிட, ஆட்கள் ஓடிப்போனதுதான் அதிகம். தெற்கின் கிராமங்கள் காலியானது அந்த ஆண்டுகளில்தான். குறைந்த கூலி முதலாளியை அழைத்துவரும் அளவுக்குத் தொழிலாளியை விரட்டவும் செய்கிறது. ஜெர்மனியிலும் இதே கதை. நெகிழ்வான பேரம் வந்த பிறகும் கிழக்கிலிருந்து இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக மேற்கே போனார்கள், முப்பது ஆண்டுக்குப் பிறகும் கிழக்கின் சராசரிச் சம்பளம் மேற்கை எட்டவில்லை. மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். ஐம்பதுகள், அறுபதுகளில் இத்தாலியத் தெற்கின் தலா வருமானம் வடக்கை நோக்கி மெல்ல நெருங்கியது, எழுபதுகளில் அந்த நெருக்கம் நின்றுபோனது. கூண்டுகளைத் திறந்ததால்தான் நின்றது என்று வாதிடுவோர் உண்டு. ஆனால் அதே எழுபதுகளில்தான் எண்ணெய் நெருக்கடி வந்து, தெற்கில் நடப்பட்ட எஃகு ஆலைகளையும் ரசாயன ஆலைகளையும் ஆட்டம் காணச் செய்தது. 1950இல் தொடங்கிய தெற்கு மேம்பாட்டு நிதியம் சாலையும் நீரும் கொண்டுவந்த நிறுவனம் என்ற நிலையிலிருந்து சலுகை வழங்கும் கட்சி அலுவலகமாகத் தேய்ந்ததும் அப்போதுதான். பல கைகள் சேர்ந்து செய்த கொலையில் ஒரே ஒரு கையைப் பிடித்துக் குற்றம் சாட்டுவது நியாயமல்ல. அந்தக் கை குற்றமற்றது என்றும் நான் சொல்லவில்லை.

மத்தேயு நற்செய்தியின் 20ஆம் அதிகாரத்தில் வரும் திராட்சைத் தோட்டக்காரரின் கதையை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. விடியலில் வந்தவருக்கும் பொழுது சாயும்போது வந்தவருக்கும் ஒரே ஒரு தெனாரியம் கூலி, காலையிலிருந்து வெந்தவர்களுக்குக் கோபம். இக்கதையைக் கேட்போர் பெரும்பாலும் அந்தச் சம கூலியிலேயே நின்றுவிடுகிறார்கள். ஆங்கில எழுத்தாளர் ரஸ்கின் தன் பொருளாதார நூலுக்கு இதிலிருந்து பெயர் எடுத்தார், அந்த நூலைத் தழுவிக் காந்தி சர்வோதயம் எழுதினார். இருவரும் கூலி என்பது வாழ்வுக்கானது என்ற பாடத்தைப் படித்தார்கள். ஆனால் கதையின் பெரும்பகுதி வேறொரு செயலைத்தான் விவரிக்கிறது. தோட்டக்காரர் விடியலில் சந்தைவெளிக்குப் போகிறார், மறுபடி போகிறார், நண்பகலில் போகிறார், பிற்பகலில் போகிறார், கடைசியாக ஒரு மணி நேரமே மிச்சமிருக்கும்போதும் போகிறார். ஐந்து முறை. சும்மா நிற்பவர்களைப் பார்த்து ஏன் நிற்கிறீர்கள் என்று கேட்கிறார், எங்களை யாரும் வேலைக்கு அழைக்கவில்லை என்கிறார்கள். சோம்பேறிகள் என்று அவர் அவர்களை ஏசவில்லை, அவர்கள் சொன்னதை அப்படியே நம்பி அழைத்துப்போகிறார். சம கூலியின் அறம் இந்த ஐந்து நடைகளோடு ஒட்டிப்பிறந்தது. விடியலில் வந்தவர்களுக்கு மட்டும் முழுக் கூலி கொடுத்துவிட்டு, மீதிப்பேரைச் சந்தைவெளியிலேயே விட்டிருந்தால் அந்தத் தோட்டக்காரரும் ஒப்பந்தப்படி நடந்தவர்தான், நீதிமான் ஆகியிருக்க மாட்டார். தேசிய ஊதிய ஒப்பந்தத்தின் பிழை சம கூலியில் இல்லை. தெனாரியத்தை நிர்ணயித்த மேசையில் சந்தைவெளிக்குப் போகும் கடமை யாருடையது என்று எழுதப்படவே இல்லை என்பதில் இருக்கிறது.

இங்கே சுதந்திரத்தின் பெயரால் ஒரு மறுப்பு எழும், அது வலுவான மறுப்பு. வேலையில்லாத ஒருவர் ஒப்பந்தக் கூலியைவிடக் குறைவாகப் பெற்று வேலை செய்ய மனமார விரும்புகிறார், கொடுக்க ஒரு முதலாளியும் தயார். ‘அவர்கள் இருவருக்கும் நடுவே நின்று கூடாது என்று சொல்ல, தூரினில் வேலையிலிருக்கும் சங்கத்துக்காரர் யார்?’ 1891இல் பதின்மூன்றாம் லியோ போப்பாண்டவர் தன் ‘ரேரும் நோவாரும்’ சுற்றுமடலில் இதற்கு ஒரு பதில் வைத்தார். பசியாலும் அச்சத்தாலும் கடுமையான நிபந்தனைக்கு ஒருவர் தலையாட்டினால் அது சம்மதம் ஆகாது, அங்கே வன்முறை நடந்திருக்கிறது என்பது அதன் சாரம். சிக்கனமாகவும் ஒழுங்காகவும் வாழும் தொழிலாளிக்குப் போதாத கூலி, இருவரும் ஒப்புக்கொண்டாலும் அநீதிதான் என்றார். இதை நான் ஏற்கிறேன். ஆனாலும் இந்தப் பதில் பாதி வழிதான் வருகிறது. பசியோடு இருப்பவரின் சம்மதம் வன்முறை என்றால், அந்தச் சம்மதத்தைச் செல்லாததாக்கிவிட்டு அவரைப் பசியோடே விட்டுப்போவதற்கு என்ன பெயர்? குறைந்த கூலி என்ற கதவை அறத்தின் பெயரால் அடைப்பவர், அடைத்த கணத்திலேயே இன்னொரு கதவைத் திறக்கும் பொறுப்பை ஏற்கிறார். அடைப்பதற்கு அவருக்கு உள்ள உரிமையே அந்தப் பொறுப்பிலிருந்துதான் வருகிறது. கூலித் தடையை ஒரு தனிக் கட்டளையாகப் படிக்கக் கூடாது, இரண்டு பாதிகள் கொண்ட வாக்குறுதியாகப் படிக்க வேண்டும் என்பதே என் வாதம்.

வாழ்க்கைச் செலவு பற்றிய மறுப்பு இதைவிட எளிது, இதற்கு விடை நம் கண்முன்னே இருக்கிறது. சம்பளத்தை இரண்டு துண்டாகப் பார்க்கலாம்: ஒரு துண்டு வேலைக்கும் மனிதருக்கும் உரியது, இன்னொன்று ஊருக்கு உரியது. 1966இல் முதல் இருதரப்பு ஒப்பந்தம் போட்டதிலிருந்து இந்திய வங்கி ஊழியர்கள் நாடு தழுவிய பேரம் நடத்திவருகிறார்கள். ஒரு வங்கி எழுத்தருக்குச் சென்னையிலும் பீகாரின் சிற்றூரிலும் அடிப்படைச் சம்பளம் ஒன்றுதான், ஊரைப் பொறுத்த படிகள்தான் மாறும். மத்திய அரசு ஊழியர்களுக்குப் பேரம் கிடையாது, ஊதியக் குழு உண்டு. ஏழாவது குழுவுக்குப் பின் வாடகைப்படி நகரின் தரத்துக்கேற்ப 24, 16, 8 விழுக்காடு என்று தொடங்கியது. ஊர் மாறினால் படி மாறும், ஆளின் தகுதி குறைந்துவிட்டது என்று யாரும் நினைப்பதில்லை. சம்பளக் கூண்டுகள் காயப்படுத்தியது இந்த இடத்தில்தான். வாடகை வித்தியாசத்தைப் படியாக வைக்காமல், ஆளின் அடிப்படை விலையாக வைத்தார்கள். அதோடு, ‘தெற்கில் எல்லாம் மலிவு’ என்ற பேச்சையும் கொஞ்சம் தட்டிப் பார்க்க வேண்டும். விலைப் பட்டியலில் இருப்பதைத்தான் விலைக் குறியீடு அளக்கும், கடையிலேயே இல்லாததை அளக்காது. தெற்கு இத்தாலியர்கள் நல்ல அறுவைச் சிகிச்சைக்காக ஆண்டுதோறும் வடக்கே பயணம் போகிறார்கள். குழந்தைகள் காப்பகம் இல்லாத ஊரில் காப்பகச் செலவு பூஜ்யம், அதனால் அங்கே தாய் வேலைக்குப் போக முடிவதில்லை. வறுமையில் ஒரு பகுதி, மலிவு என்ற பெயரில் கணக்கெழுதப்படுகிறது.

சந்தைவெளிக்குப் போகும் கடமையை வெளிப்படையாக ஏற்றுக்கொண்ட ஒரு நாடு ஸ்வீடன். 1951 தொழிற்சங்க மாநாட்டில் யேஸ்தா ரேன், ருடால்ஃப் மைட்னர் என்ற இரண்டு சங்கப் பொருளாதார அறிஞர்கள் வைத்த திட்டத்தில் இரண்டு பாதிகளும் இருந்தன. எந்த ஊரானாலும் எந்த நிறுவனமானாலும் ஒரே வேலைக்கு ஒரே கூலி, அதைக் கொடுக்க முடியாத நிறுவனம் மூடட்டும், வேலை இழந்தவருக்கு அரசு பயிற்சியும் போய்ச்சேரும் செலவும் கொடுத்து வளரும் ஊருக்கு அழைத்துப்போகட்டும். நான் அறிந்தவரையில் இவ்வளவு நேர்மையாகப் பேசிய கூலிக் கொள்கை வேறில்லை. ஆனால் அழைத்துப்போன திசை பெரும்பாலும் தெற்கு நோக்கியே இருந்தது. வடக்கின் காட்டுக் கிராமங்கள் காலியாயின, நாங்கள் இடம்பெயர மாட்டோம் என்று அங்கே ஒரு முழக்கமே பிறந்தது. வேர்விட்டிருப்பது மனித ஆன்மாவின் தேவைகளில் ஒன்று என்று பிரெஞ்சுச் சிந்தனையாளர் சிமோன் வெய்ல் வாதிட்ட நூல் அவர் இறந்த பிறகு 1949இல்தான் வெளிவந்தது. தொழிற்சாலையில் கூலியாக நின்று எந்திரத்தின் அடியைத் தன் உடம்பிலேயே அறிந்தவர் அவர். வேரைப் பற்றிய அவருடைய கேள்வியை ரேன்–மைட்னர் திட்டம் எதிர்கொள்ளவில்லை. திராட்சைத் தோட்டக்காரர் ஆட்களை ஊரைவிட்டு அழைத்துப்போகவில்லை, தோட்டம் சந்தைக்குப் பக்கத்தில் இருந்தது. வேலையை மனிதரிடம் கொண்டுவருவதும் மனிதரை வேலையிடம் கொண்டுபோவதும் பொருளாதாரக் கணக்கில் ஒன்றாகத் தெரியலாம். பாட்டியின் கல்லறையும், பக்கத்து வீட்டுச் சினேகமும், பேசும் பாஷையின் சாயலும் உள்ள ஒருவருக்கு ஒன்றல்ல.

சம கூலி கேட்பவர்கள் எல்லோரும் சம மனிதர்களைக் கேட்பதில்லை என்பதையும் ஒளிக்காமல் பேச வேண்டும். ஜெர்மனி இணைந்த பின், 1991 மார்ச்சில் உலோகத் தொழிலில் ஓர் ஒப்பந்தம் வந்தது. 1994க்குள் கிழக்கின் ஒப்பந்தச் சம்பளம் மேற்குக்கு இணையாகும் என்றது. கிழக்கின் ஆலைகள் அப்போது ஒன்றன்பின் ஒன்றாக மூடிக்கொண்டிருந்தன. மேசையின் இருபுறமும் உட்கார்ந்த அமைப்புகள் பெரிதும் மேற்கிலிருந்து வந்தவை. கிழக்கு மலிவாக இருந்தால் தங்கள் சம்பளம் சரியும் என்று மேற்கின் தொழிலாளிக்கும், தங்கள் சந்தை சரியும் என்று மேற்கின் முதலாளிக்கும் அச்சம் இருந்தது என்ற குற்றச்சாட்டை எளிதில் தள்ளிவிட முடியாது. 1993இல் முதலாளிகள் ஒப்பந்தத்தை முறித்தார்கள், வேலைநிறுத்தம் நடந்தது, கெடு 1996க்குத் தள்ளிப்போனது. இதற்குள் கிழக்கில் வேலை இழந்தவர்கள் பல லட்சம். ஒருமைப்பாட்டின் சொற்களைப் பேசிக்கொண்டே தன் வேலியைக் காத்துக்கொள்ள முடியும். எந்தச் சம கூலிக் கோரிக்கையையும் சோதித்துப் பார்க்க எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: குறைந்த கூலிக்காரரே அதை எழுந்து கேட்டாரா, அல்லது அவர் பெயரால் வேறொருவர் கேட்டாரா? ஆவோலாவில் கேட்டவர்கள் யார் என்பதில் சந்தேகமில்லை.

அப்படியானால் ஊரின் பள்ளத்தை நிரப்பும் செலவை யார் ஏற்பது? தொழிலாளி கூலிக் குறைப்பாக ஏற்கலாம், வேலையில்லாதவர் காத்திருப்பாக ஏற்கலாம், நாடு வரியாக ஏற்கலாம். நான்காவது வழி கிடையாது. முதல் இரண்டிலும் பள்ளத்தைத் தோண்டாதவர்கள்தான் அதை நிரப்புகிறார்கள். இத்தாலிக்கு இது தெரியாமல் இல்லை. கூண்டுகள் உடையத் தொடங்கிய அதே 1968இல், தெற்கு நிறுவனங்கள் தொழிலாளர் சமூகக் காப்பீட்டுக்காகச் செலுத்த வேண்டிய தொகையில் அரசு தள்ளுபடி கொண்டுவந்தது. தொழிலாளியின் கையில் விழும் சம்பளம் சமமாகவே இருக்கும், முதலாளிக்கு ஆகும் செலவு குறையும், வித்தியாசத்தைக் கருவூலம் ஏற்கும். நான் தேடும் இரண்டாம் பாதி இதுதான். தொண்ணூறுகளில் ஐரோப்பிய ஆணையம் இதை நியாயமற்ற போட்டி உதவி என்று கருதி நெருக்கியது, இத்தாலி படிப்படியாகக் கைவிட்டது. முதல் பாதி நின்றது, இரண்டாவது போயிற்று. 2020இல் 30 விழுக்காடு தள்ளுபடியாக அது திரும்ப வந்தது, தற்காலிகம் என்ற முத்திரையோடு. தற்காலிகத் தள்ளுபடியை நம்பி யாரும் ஆலை கட்டமாட்டார்கள். ‘இப்படிக் கொடுத்துக்கொண்டே போனால் தெற்கு என்றென்றும் கையேந்தும்’ என்பார்கள். வடக்கின் துறைமுகத்துக்கும் ரயிலுக்கும் நாடு கொடுத்ததை யாரும் கையேந்தல் என்று அழைத்ததில்லை. தள்ளுபடியோடு நீதிமன்றமும் காப்பகமும் ரயிலும் வரவில்லை என்றால் மட்டும் அந்த எச்சரிக்கை உண்மையாகும். ஐம்பது ஆண்டுகளாக அவை வராமல் போனதற்கு ரோமில் ஆண்ட எல்லாக் கட்சிகளும் பொறுப்பு.

இரண்டாம் பாதி இல்லாத இடத்தில் முதல் பாதியும் காகிதமாகிவிடுகிறது. கணக்கில் காட்டாத வேலை இத்தாலியிலேயே தெற்கில்தான் மிக அதிகம். தேசிய ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட கூலி அங்கே பலருக்குக் கிடைப்பதில்லை. சம்பளச் சீட்டில் ஒரு தொகை, கையில் ஒரு தொகை. வயல்களில் ஆட்களைத் திரட்டி, வண்டியில் ஏற்றி, கூலியில் தன் பங்கைக் கழித்துக்கொள்ளும் கங்காணி முறை இந்த நூற்றாண்டிலும் அங்கே பிழைத்திருக்கிறது. கங்காணி என்ற சொல்லுக்கு நம் மலைத் தோட்டங்களில் இருந்த அதே எடை அங்கே அவர்களுடைய சொல்லுக்கும் உண்டு. 2016இல் அதற்கெதிராகத் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. மேலே சொன்ன பொருளாதார அறிஞர்களின் வரிசையில் காத்திருப்போர் சும்மா காத்திருப்பதில்லை, பாதிக் கூலிக்கு இருட்டில் வேலை செய்துகொண்டே காத்திருக்கிறார்கள். அவர்களுக்கும் கீழே இன்னொரு வரிசை, கடல் கடந்து வந்தவர்களுடையது.

ஆவோலாவிலிருந்து சிரகூசா நோக்கிச் சற்று வடக்கே போனால் கஸ்ஸீபிலே என்ற சிற்றூர். உருளைக்கிழங்கு அறுவடைக் காலத்தில் சூடானிலிருந்தும் மொராக்கோவிலிருந்தும் வந்த ஆண்கள் ஆண்டுதோறும் அங்கே கூடுகிறார்கள். பல ஆண்டுகள் தகரத்திலும் நெகிழித்தாளிலும் கட்டிய குடிசைகளில் கிடந்தார்கள். 2021இல்தான் அவர்களில் ஒரு பகுதியினருக்கு ஒரு தங்குமிடம் திறக்கப்பட்டது. 1968இல் அழிக்கப்பட்ட வட்டாரக் கோடு மறுபடி வரையப்படவில்லை, சிரகூசா மாகாணம் முழுக்க விவசாயக் கூலிக்கு ஒரே ஒப்பந்தம்தான், அது இவர்களுக்கும் பொருந்தும். விடிவதற்கு முன்பே ஊர்நடுவில் வந்து நிற்கிறார்கள். வண்டி வரும், சிலரை மட்டும் ஏற்றிக்கொண்டு போகும். மீதிப்பேர் வெயில் ஏறும்வரை அங்கேயே நிற்பார்கள்.